காது எட்டாத வாத்துகள்

ஞானகுமாரி அக்காவிடம் காதைத் தொட்டுக் காட்டாமல் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் யாரும் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததில்லை.

அண்ணனூரில் மின்சார ரயில்களை நிறுத்திக் கழுவும் ஷெட்டுக்குப் பின்புறம் ஒரு சின்னத் தனியார் பள்ளி இருந்தது. அக்கா அங்கே ஆயா. ஜூன் பிறந்தால் தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருவார்கள். பிறப்புச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் குறைவு. ஐந்து வயசு முடிந்துவிட்டது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்பவர்கள்தான் அதிகம். அக்கா அதையெல்லாம் காதில் வாங்க மாட்டார். பிள்ளையின் வலது கையைத் தூக்கி, தலைக்கு மேலே வளைத்து, இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் உள்ளே. தொடாவிட்டால் ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து அடுத்த வருஷம் வரச் சொல்வார். தலையை லேசாகச் சாய்த்தால் காது கைக்குக் கிட்டே வந்துவிடும் என்று சில தாய்மார்கள் வீட்டிலேயே பழக்கிக் கூட்டி வருவார்கள். அக்கா தாடையைப் பிடித்து நிமிர்த்திவிடுவார்.

பெரிய உடம்பு. ஷெட்டுக்குள் ரயில் ஊதினாலும் அவர் குரல் அதற்கு மேலே கேட்கும். பிறந்த ஊர் முத்தாபுதுப்பேட்டை. அப்பா அங்கே ஒரு ராணுவ முகாம் சமையற்கட்டில் வேலை செய்தவர். அந்தச் சமையற்கட்டுக்குப் பின்னால் வாத்து வளர்த்தார்களாம். அதனால் அக்காவுக்குக் கோழியைவிட வாத்துதான் பிடிக்கும். கல்யாணத்துக்குப் பாத்திரம் பண்டத்தோடு ஒரு ஜோடி வாத்தும் வந்தது என்று அவர் வீட்டுக்காரர் பால்ராஜ் அண்ணன் கேலி செய்வார்.

பால்ராஜ் அண்ணனுக்கு ரயில் ஷெட்டில்தான் வேலை. வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது, அவ்வளவு அமைதி. ஆனால் கையில் மைக் கிடைத்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவார். சர்ச்சில் வேதபாடம் வாசிக்கவோ அறிவிப்பு சொல்லவோ அவரைத்தான் கூப்பிடுவார்கள். வாசிக்க வேண்டியதை வாசித்துவிட்டு, கூட நாலு வார்த்தை சொந்தமாகவும் பேசிவிட்டுத்தான் இறங்குவார்.

எங்களுடையது அவர்களுக்குப் பக்கத்து வீடு. என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவர்களுடைய வாத்துப் பட்டி. அடுப்பில் உலை கொதிக்கும் வரைக்கும் எனக்கு அதுதான் வேடிக்கை.

எண்பத்தேழாம் வருஷம் அந்தப் பட்டியில் ஒரு சாவு நடந்தது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த செங்கல்வராயனிடம் ஒரு ஆண் வாத்து இருந்தது. நல்ல கனம். பச்சைத் தலை. வாலின் மேல் இரண்டு இறகு, முறுக்கு பிழிந்த மாதிரி மேலே சுருண்டிருக்கும். உடம்புக்கு ஏற்ற குரல் மட்டும் கிடையாது, தொண்டை கட்டினவன் போலக் கரகரக்கும். அதை அக்காவின் வாத்துகளோடு விடுவது, குஞ்சு பொரித்தால் பாதி செங்கல்வராயனுக்கு என்று வாரத்துக்குப் பேச்சு. அப்போது அக்காவிடம் நாலு மாசம்கூட நிறையாத ஒரு கறுப்புப் பெட்டை இருந்தது. பார்க்க வளர்ந்துவிட்ட மாதிரி இருந்ததால் யாரும் யோசிக்கவில்லை. ஆண் வாத்து பிடரியைக் கொத்திப் பிடித்து முதுகில் ஏறி ஏறி, கறுப்பியின் கழுத்தில் இறகே இல்லாமல் போயிற்று. தண்ணீரில் என்றால் கனத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். பட்டியில் சிமெண்டுத் தரை. கறுப்பி நொண்டத் தொடங்கியது. பிறகு பருவம் கூடாத உடம்பில் முதல் முட்டை வந்து பாதியில் சிக்கிக்கொண்டது. வெந்நீரில் உட்கார வைத்தும் பயனில்லை. அக்காவின் மடியிலேயே போய்விட்டது.

அதற்குப் பிறகு அக்கா மிச்ச வாத்துகளையும் விற்றுவிட்டார். அடுத்த கோடையில் தன் பிறந்த வீட்டிலிருந்து முட்டை கொண்டுவந்து, கோழியை அடை வைத்து ஆறு குஞ்சுகள் பொரிக்க வைத்தார். ஆறும் பெட்டை என்று முடிவு செய்து வேதத்திலிருந்து பெயர் வைத்தார். ரூத், மார்த்தாள், லேயாள் என்று வரிசையாகப் போய், கடைசிக் குஞ்சுக்கு எஸ்தர். எஸ்தர் மேல் அக்காவுக்குத் தனிப் பிரியம். மற்ற ஐந்தும் வளர வளரத் தெருவே அதிரக் கத்தின. எஸ்தர் மட்டும் வாய் திறக்காது. திறந்தாலும் மெதுவாக ஏதோ முனகும்.

"பக்கத்தூட்டுப் பொண்ணு மாதிரியே, எவ்ளோ அடக்கம் பாரு," என்று என்னை ஜாடை காட்டிச் சொல்வார். நான் ஜன்னலைப் பாதி சாத்துவேன்.

சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் ஆறையும் ஏரிக்கு ஓட்டிக்கொண்டு போவார். "லைன்ல வா, தள்ளாத, ரூத் கையக் கட்டு," என்று பள்ளிக்கூடப் பேச்சே அங்கேயும். கேட்டில் நிற்கிற சைக்கிள்காரர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அறுப்பின் பண்டிகைத் தேதியை அறிவித்தார்கள். நவம்பரில். அந்தப் பண்டிகைக்கு அவரவர் வீட்டில் விளைந்தது, வளர்ந்தது, சுட்டது எல்லாவற்றையும் கொண்டுவந்து படைத்து ஏலம் விடுவார்கள். அறிவிப்பை வாசித்தவர் பால்ராஜ் அண்ணன். வாசித்து முடித்துவிட்டு, தன் வீட்டு முதற்பலனாகத் தாய் வாத்தும் குஞ்சுகளுமாக ஒரு குடும்பத்தையே கொண்டுவந்து நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டார். சபை கைதட்டியது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா கைதட்டவில்லை.

அன்று மத்தியானம் ஜன்னல் வழியே முழு வழக்கும் எனக்குக் கேட்டது. வாத்துகளுக்கு அப்போது மூன்று மாசத்துக்கு மேல் கொஞ்சம். நவம்பரில் குஞ்சு வேண்டுமென்றால் செங்கல்வராயனின் ஆணை இப்போதே கொண்டுவந்து விட வேண்டும், ஆண் சேர்ந்தால்தான் பெட்டை முட்டையிடும், இது ஊருக்கே தெரிந்த விஷயம் என்பது அண்ணனின் கட்சி. வயசு வந்தால் ஆண் இல்லாமலேயே முட்டையிடும், குஞ்சு வேண்டுமானால்தான் ஆண் என்பது அக்காவின் கட்சி.

"அதுங்க சைசப் பாரு ஞானம். ஆளு வளந்துட்ச்சி."

"சைசு பெருசா கீதுன்னு மூணு வயசுப் பையன ஒண்ணாவதுல சேத்தா இன்னா ஆவும் தெரியுமா? பெஞ்சிலயே மூத்திரம் போவான்."

"சர்ச் ஆயரு முன்னால வாக்கு குடுத்துட்டேன்."

"வாக்கு குடுத்தது நீங்க. முதுவு குடுக்கப் போறது அதுங்க. கறுப்பிய நான் இன்னும் மறக்கல."

அண்ணன் வெளியே வந்து கேட்டுப் பக்கம் நடந்தார்.

அன்று முதல் அக்கா வாத்துகளுக்கும் காதுப் பரீட்சை வைத்தார். வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாலுக்கு அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகளைத் தடவிப் பார்ப்பார். நடுவே ஒரு விரல்கூட நுழையாவிட்டால் அது இன்னும் குழந்தை. மூன்று விரல் தாராளமாக நுழைந்தால் முட்டைக்குத் தயார். ஐந்து மாசத்திலோ ஆறு மாசத்திலோ அது தானாக விரியும், விரிந்து, முட்டையிட ஆரம்பித்து, சில நாள் கழிந்த பிறகுதான் ஆண். அதுவும் ஏரித் தண்ணீரில்தான். இதுதான் அவர் போட்ட சட்டம். சனிக்கிழமை தோறும் பரீட்சை முடிந்ததும் "யாருக்கும் காது எட்டல," என்று எனக்குக் கேட்கும்படி சொல்வார்.

செங்கல்வராயன் விடுவதாக இல்லை. அண்ணனின் பேச்சைக் கேட்டுத் தன் ஆண் வாத்தைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டான். அக்கா அதைத் திருப்பி அனுப்பவில்லை. அம்பத்தூர் கம்பெனிகளில் கழித்துப் போடும் பெட்டிப் பலகைகளை வாங்கிவந்து பட்டிக்கு நடுவே வேலி அடித்தார். எந்தப் பக்கம் மேலே என்று அம்பு போட்ட பலகைகள், அம்புகள் எல்லாம் தரையைக் காட்டிக்கொண்டு நின்றன. வேலிக்கு இந்தப் பக்கம் ஆறு பெட்டைகள், அந்தப் பக்கம் அவன். தெரு அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது. தவிடும் நத்தையும் அவனுக்கும் குறைவில்லாமல் வைத்தார் அக்கா. ஆனால் ஏரிக்கு ஓட்டும்போது அவன் கதவைப் பூட்டிவிட்டுத்தான் போவார்.

"அண்ணி, மாப்ளய வெளிய நிக்க வெச்சி சோறு போட்ற மாமியார இப்பதான் பாக்கறேன்," என்றான் செங்கல்வராயன்.

"பொண்ணுக்கு விருப்பமில்லன்னு போய்ச் சொல்லு," என்றார் அக்கா.

செப்டம்பர் போயிற்று. அண்ணன் முகம் நாளுக்கு நாள் சுருங்கியது. சர்ச் வாசலில் பார்க்கிறவர்கள் எல்லாம் குஞ்சு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். தாய்க்கே இன்னும் பல்லு முளைக்கவில்லை என்று பதில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடப்பார். அக்டோபர் பாதியில் செங்கல்வராயனும் பொறுமை இழந்து, மாப்பிள்ளையைக் கூடையில் அள்ளிக் கொரட்டூரிலிருந்த தன் தங்கை வீட்டுக்குக் கொடுத்துவிட்டான். அங்கே ஏரியில் வாத்துக்குப் பஞ்சமில்லை. தெருவில் ஆண் வாத்து என்று ஒன்றும் மிச்சமில்லை.

மாப்பிள்ளை போய்ச் சில நாளில் மழை பிடித்தது. ஒரு விடியலில் அக்கா பட்டியிலிருந்து கத்தின கத்தலில் நான் கரண்டியோடு ஜன்னலுக்கு ஓடினேன். அவர் கையில் ஒரு முட்டை. ரூத்துக்கு மூன்று விரல் நுழைந்துவிட்டதாம். அடுத்தடுத்து மார்த்தாள், லேயாள் என்று ஐந்தும் முட்டையிட்டன. ஆண் இல்லாமல் முட்டை வராது என்று சொன்னவரை அழைத்து வைக்கோலைக் காட்டினார். அண்ணன் பார்த்துவிட்டு, முட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சபையில் சொன்னது குஞ்சு ஆயிற்றே என்றார். அக்கா முட்டைகளைப் பொறுக்கிக் கூடையில் வைத்தார்.

எஸ்தர் மட்டும் முட்டையிடவில்லை. அக்கா தினமும் தடவிப் பார்த்தார். ஒரு விரல்கூட நுழையவில்லை. சில பிள்ளைகளுக்குக் கை கொஞ்சம் மெதுவாகத்தான் வளரும் என்று அதைத் தேற்றுவார். போதாக்குறைக்கு எஸ்தரின் வால் இறகு ஒன்று பலகைக் கதவில் மாட்டி மேலே வளைந்துகொண்டது. அக்கா அதில் தேங்காய் எண்ணெய் தடவித் தினமும் நீவிவிட்டார். நீவ நீவ அது மறுபடியும் சுருண்டது.

பண்டிகை அன்று மழை விட்டிருந்தது. ஏலம் பார்க்க எங்கள் தெருவே போயிற்று, நானும் போனேன். சர்ச் வாசலில் பந்தல். வாழைத்தார், பூசணி, கேக்கு, கால் கட்டின கோழிகள், ஒரு ஆட்டுக்குட்டி. ஒருவர் எடுத்த பொருளைத் திரும்பவும் படைத்துவிடுவார், அது மறுபடியும் ஏலத்துக்கு வரும். ஒரே பூசணிக்காய் மூன்று பேரிடம் போய் வந்தது. ஏலம் விட்டவர் மாசிலாமணி, ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பால்ராஜ் அண்ணன் குனிந்த தலையோடு ஒரு கூடையைக் கொண்டுபோய் மேசையில் வைத்தார். குஞ்சு இல்லை. வைக்கோல் மேல் வெள்ளை வெளேரென்று வாத்து முட்டைகள்.

மாசிலாமணி விட்டுக்கொடுக்கவில்லை. குஞ்சுகள் உள்ளேதான் இருக்கின்றன, வெளியே வர நேரம் ஆகவில்லை, அடை வைத்தால் கூடை நிறையக் குஞ்சு என்று முழங்கினார். கூட்டம் சிரித்தது, ஆனால் ஏலக் கேள்வி ஏறியது. கொரட்டூரிலிருந்து வந்த ஒருவர் புதிதாக வாத்துப் பண்ணை போடப்போவதாகச் சொல்லி ஏற்றிக்கொண்டே போனார். அவரோடு மல்லுக்கு நின்றவள், கேட்டில் மீன் விற்கும் அங்கம்மா. அவளுக்கு ஏலம் என்றால் போதும், எந்தச் சாமி வாசல் என்று பார்க்க மாட்டாள். பால்ராஜ் அண்ணனின் தலை மெதுவாக நிமிர்ந்தது. வாக்கு கெட்டுப்போகவில்லை என்று அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அக்காவும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"மாசிலாமணி அண்ணே, நிறுத்துங்க. அது பொரிக்காது. ஆணு சேராத முட்ட. ஆம்லெட்டுக்குத்தான் ஆவும்."

கொரட்டூர்க்காரர் கையைக் கீழே இறக்கிக்கொண்டார். அண்ணன் மறுபடியும் தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார். மாசிலாமணி என்ன செய்வதென்று தெரியாமல் அங்கம்மாவைப் பார்த்தார்.

"கேட்டது கேட்டதுதான்," என்றாள் அங்கம்மா. "என் கோழி வெறும் மண்ணு மேல அட கெடக்குது. அதுக்கு இன்னா தெரியப் போவுது, இதும் மேல குந்திகினு கெடக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். கூடை அவள் தலைக்கு ஏறியது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பால்ராஜ் அண்ணன் மைக் பக்கம் போகவில்லை. வேதபாடம் வாசிக்கக் கூப்பிட்டதற்குத் தொண்டை சரியில்லை என்றாராம். வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. அக்கா மீன் குழம்பு வைத்தார், வடை சுட்டார். அவர் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றார், அவ்வளவுதான். அக்கா பாத்திரம் தேய்க்கும்போது ஒரு நாள் என்னிடம், பொய் சொல்லி வித்திருக்க முடியுமா என்று கேட்டார். நான் முடியாது என்று தலையாட்டினேன். இருந்தாலும் அந்த மனுஷன் மூஞ்சியைப் பார்க்க முடியவில்லை என்றார்.

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும். அக்கா பட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தெரு முனையிலிருந்தே அங்கம்மாவின் குரல் கேட்டது. மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவள், அதைக் கொல்லையில் கவிழ்த்தாள்.

"ஞானம்மா, உன் ஆம்லெட்டு நடந்து வருது பாரு."

மஞ்சளாகவும் கறுப்பாகவும் வாத்துக் குஞ்சுகள். கீச்சிட்டுக்கொண்டு தண்ணீர் தேங்கின இடத்துக்கு நேராக ஓடின. கோழிக்குத்தான் ஒன்றும் புரியவில்லை, வீட்டைச் சுற்றிச் சுற்றி அழுகிறது என்றாள் அங்கம்மா. அக்கா துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றுவிட்டார். ஆண் இல்லாத முட்டை பொரித்துவிட்டது. மாப்பிள்ளை பூட்டை உடைத்தானா, ஏரியில் வேறு யாராவது வந்தார்களா என்று வாய்க்குள் கேட்டுக்கொண்டார். மாப்பிள்ளை கொரட்டூர் போன பிறகுதான் முதல் முட்டையே வந்தது. ஏரியிலும் கரையை விட்டு அவர் நகர்ந்ததில்லை.

அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை.

"அற்புதம் ஞானம், இது அற்புதம்," என்று சொல்லிக்கொண்டு சட்டையை மாட்டினார். வேலைக்குப் போகிற வழியிலேயே ஆயரைப் பார்த்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்ல நேரம் கேட்கப் போவதாகச் சொன்னார். இத்தனை வாரம் கழித்து அவர் குரல் திரும்பி வந்துவிட்டது.

குஞ்சுகளைப் பார்க்க எஸ்தர் வேலிப் பக்கம் வந்து நின்றிருந்தது. ஜன்னலிலிருந்து எனக்கு அதன் முதுகுப் பக்கம் தெரிந்தது. வளைந்த இறகுக்குப் பக்கத்தில் இன்னொன்றும் சுருண்டிருந்தது. கழுத்தில் பச்சை ஏறியிருந்தது. அப்படி ஒரு வாலை அந்த வேலிக்கு அந்தப் பக்கம் நான் தினமும் பார்த்திருக்கிறேன்.

"அக்கா," என்றேன். "எஸ்தரு வாலப் பாருங்க."

அக்கா திரும்பிப் பார்த்தார். துடைப்பத்தைப் போட்டுவிட்டு எஸ்தரைத் தூக்கினார். வாலைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். அது அவர் கக்கத்திலிருந்து தொண்டை கட்டின குரலில் மெதுவாக முனகியது. அக்கா துவைக்கிற கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன். அப்புறம்தான் சிரிப்புச் சத்தம் வந்தது. ஷெட்டுக்குள் இருப்பவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"அடப்பாவி, ஆம்பளயாடா நீ?"

அண்ணன் ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றார். "இம்மாம் நாளா எண்ண தடவி நீவிகினு இருந்தியே," என்றார். அதற்குப் பிறகு அவராலும் முடியவில்லை, நிலைப்படியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். அங்கம்மா விஷயம் புரிந்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிரித்து ஓய்ந்த பிறகு அக்கா ஒவ்வொரு பெட்டையாகத் தூக்கிப் பிடரியைப் பார்த்தார். யாருக்கும் ஒரு இறகுகூடப் போகவில்லை. எஸ்தருக்கும் அதே வயசு, அதே கனம், எல்லாம் ஏரித் தண்ணீரில் நடந்திருக்கிறது. "நான் போட்ட சட்டப்படிதான் நடந்துகீது, எனக்குத்தான் சொல்லல," என்றார்.

அங்கம்மா நியாயக்காரி. வாரக் கணக்குப்படி பாதிக் குஞ்சுகளை விட்டுவிட்டு, மீதியைக் கூடையில் அள்ளிக்கொண்டு போனாள். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் பால்ராஜ் அண்ணன் ரூத்தையும் குஞ்சுகளையும் சர்ச் வாசலில் இறக்கினார். மாசிலாமணி மறுபடியும் ஏலம் போட்டார். கொரட்டூர்க்காரருக்குச் சொல்லி அனுப்பியிருந்ததால் அவரும் வந்திருந்தார், இந்த முறை கையை இறக்கவேயில்லை. ஆயர் மைக்கை அண்ணனிடம் நீட்டினார்.

"தாயும் குஞ்சுமா கொண்டாறேன்னு சொன்னேன், கொண்டாந்துட்டேன்," என்றார் அண்ணன். "தகப்பனக் கேக்காதீங்க. அது எங்க ஊட்டம்மாவுக்குச் செல்லம்."

பெண்கள் பக்கத்தில் முதலில் கைதட்டியவர் அக்காதான்.

எஸ்தர் என்ற பெயரை மாற்றச் சொல்லித் தெருவில் எல்லாரும் சொன்னார்கள். அக்கா மாற்றவில்லை. ஞானஸ்நானம் ஆன பெயரை எப்படி மாற்றுவது என்றார். எஸ்தரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அடுத்த பத்து வருஷம் எங்கள் தெருவில் வரிசையாக ஏரிக்குப் போய் வந்தன. இளசுகள் முட்டையிட ஆரம்பிக்கும் வரை பெரிய ஆண்களுக்கு வேலிக்கு அந்தப் பக்கம்தான் இடம். வேலிப் பலகைகளை ஒரு வருஷம் பிரித்து அடிக்கும்போது அம்புகள் மேலே பார்க்கும்படி அண்ணன் திருப்பி வைத்தார்.

பள்ளி பிறகு பெரிய கட்டடமாகி, பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்கை இல்லை என்று ஆகிவிட்டது. அப்போதும் ஜூன் மாதம் அக்கா வாசலில் நின்று, வருகிற பிள்ளைகளைக் காதைத் தொடச் சொல்வார். பிள்ளைகளும் தொட்டுக் காட்டிவிட்டு மிட்டாய் வாங்கிக்கொண்டு போவார்கள். முன்பெல்லாம் எடுத்த எடுப்பில் கையைத்தான் தூக்குவார். எஸ்தருக்கு அப்புறம் அப்படி இல்லை. முதலில் தாயிடம் பையனா பொண்ணா என்று கேட்பார். காது அதற்கு அப்புறம்தான்.